10 வருஷத்துக்கு மெஷின் பிளான் போடச் சொல்லிட்டாங்க, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ஷிப்ட்_முடிஞ்சுது

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்குறேன். 14 ரிங் ஃப்ரேம் (நூல் நூக்குற மெஷின்), ஒண்ணுக்கு 1008 ஸ்பிண்டில் (நூல் சுத்துற கதிர்), அவ்வளவுதான், பெரிய மில்லு எல்லாம் இல்ல. இத்தன வருஷம் எங்க பொழப்பு எப்படி ஓடுச்சுன்னா, உடைஞ்சா சரி பண்ணு, சரி பண்ண முடியலன்னா முதலாளிட்ட போய் தலைய சொறிஞ்சிக்கிட்டு நில்லு, அவர் ரெண்டு திட்டு திட்டிட்டு செக் போடுவாரு. இப்ப அவர் பையன் பொறுப்புக்கு வந்திருக்காரு. போன வாரம் கூப்பிட்டு, அடுத்த 10 வருஷத்துக்கு எந்த மெஷினை எப்ப மாத்தணும், எதை ஓவர்ஹால் பண்ணணும், எதை வித்துடணும், வருஷா வருஷம் எவ்வளவு ஒதுக்கணும், எல்லாம் ஒரே எக்செல்ல போட்டுக் கொண்டாங்கன்னுட்டாரு. ஒரு மாசம் டைம்.

இருக்குறது இதுதான். ரிங் ஃப்ரேம்ல பத்து 1999, 2000ல வாங்கினது, மிச்ச நாலு 2006. ஆட்டோகோனர் (நூலைக் கோன்ல சுத்துற மெஷின்) நாலு, எல்லாமே 2011. மெஷினுக்கு அழுத்தக் காத்து குடுக்குற ஸ்க்ரூ கம்ப்ரசர் 55 கிலோவாட் ரெண்டு, 2009 மாடல். நூக்குறதுக்கு முன்னாடி பஞ்சைத் தயார் பண்ற கார்டிங், சிம்ப்ளக்ஸ் எல்லாம் கலந்து கட்டி, அதுல ரெண்டு செகண்ட் ஹேண்ட்ல வந்தது, வயசே தெரியாது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஷெட்டுல ஈரப்பதம் வைக்கிற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட். அப்புறம் 2012ல கரண்ட் கட் உயிரை எடுத்தப்ப வாங்கின ஒரு ஜெனரேட்டர், இப்ப மாசத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துறதோட சரி.

இப்போதைக்கு தலைவலி கம்ப்ரசர்தான். ரெண்டுமே ஒரு லட்சம் மணி நேரம் தாண்டிடுச்சு. ஏர் எண்ட் (காத்தை அழுத்துற ஸ்க்ரூ பாகம்) ரீகண்டிஷன் பண்ண ஒண்ணுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கேக்குறாங்க, புதுசு வாங்கினா 13 லட்சம். நான் பாட்டுக்கு "2026 கம்ப்ரசர் 1, 2027 கம்ப்ரசர் 2, 2028 ரிங் ஃப்ரேம் ரெண்டு" அப்படின்னு வயசு வரிசையில போட்டு வச்சிருக்கேன். ஆனா எனக்கே அது ஏதோ ரேஷன் கடை க்யூ மாதிரி தெரியுது. இதை முறையா பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. புக்குல இருக்குறத அனுப்பாதீங்க, அது நிறைய படிச்சாச்சு.

ரிங்ஃப்ரேம்_தாத்தா

தம்பி, கோயமுத்தூர் மில்லுகள்ல 34 வருசம் இருந்துட்டு ரிட்டயர் ஆனவனுங்க நானு. ரேஷன் கடை க்யூன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதனால திட்ட மாட்டேன்.

மொதல்ல எக்செல்ல மூடி வையுங்க. உங்க மில்லுல வயசான ஃபிட்டர் ஒருத்தர் இருப்பாரு, சட்டைப் பையில ஒரு அழுக்கு டைரி வச்சிருப்பாரு, அவரைக் கூப்பிட்டு ஒக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து, எந்த மெசினு எத்தன தடவை எதுக்கு நின்னுச்சுன்னு கேட்டு எழுதுங்க. எங்க மில்லுல பிரேக்டவுன் ரிஜிஸ்டர்னு ஒண்ணு தடியா இருந்துச்சு, பதினஞ்சு வருசத்து நோட்டு. பிரிச்சுப் பாத்தா பக்கத்துக்குப் பக்கம் "பேரிங் மாத்தப்பட்டது, மெசின் ஓடுகிறது" இவ்வளவுதான். ஏன் போச்சுன்னு ஒரு வரி கூட இல்லீங்க. ஒரே ஃப்ரேம்ல டின் ரோலர் (டேப்பு போட்டு ஸ்பிண்டிலைச் சுத்த வைக்கற உருளை) பேரிங்கி ஒரே எடத்துல மூணு வருசத்துல ஆறு தடவை மாத்தியிருக்கறாங்க, ஒருத்தனுக்கும் சந்தேகமே வரலை. கடைசில பாத்தா ஃப்ரேமோட பேஸ் அந்தப் பக்கமா எறங்கியிருக்குது. லெவலிங் பண்ணுனதுக்கப்புறம் அந்த பேரிங்கி நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் போகலை. அந்த ஃப்ரேமை வயசாயிடுச்சுன்னு ஸ்கிராப்புக்குப் போட லிஸ்ட்ல வேற வச்சிருந்தாங்க!

ரெண்டாவது, உங்க லிஸ்ட்டைப் பாத்ததும் எனக்கு பயமா இருக்கறது 1999 ரிங் ஃப்ரேம் இல்லீங்க, 2011 ஆட்டோகோனர்தான். ரிங் ஃப்ரேம் இரும்பு. ஸ்பிண்டில் மாத்தலாம், ரிங்கு மாத்தலாம், காட்ஸ் (ரோலர் மேல இருக்கற ரப்பர் உறை) பஃபிங் பண்ணிப் பண்ணி தேஞ்சா புதுசு போட்டுக்கலாம், கியரு ஒடைஞ்சா கோயமுத்தூர் கணபதி பக்கம் ஏதாச்சும் ஒரு பட்டறையில வெட்டித் தருவாங்க. ஆட்டோகோனர்ல இருக்கறது பூராவும் எலக்ட்ரானிக் கார்டு. அந்த கார்டு மேல இருக்கற ஐசி உலகத்துலயே நின்னு போச்சுன்னா மெசினைப் பண்ணுன கம்பெனியே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. மெக்கானிக்கலா புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கற மெசினு ஒரு கார்டு கெடைக்காம படுத்துக்கறதை நானே ரெண்டு தடவை பாத்திருக்கறேன். அதனால இப்பவே மெசின் தயாரிச்சவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டு, இந்த மாடலுக்கு கார்டு, டிரைவ், டிஸ்பிளே எத்தன வருசத்துக்குத் தருவீங்கன்னு எழுத்துல வாங்குங்க. நாலு மெசினும் ஒரே மாடலா இருந்தா ஒண்ணு நல்லது இருக்குது, கடைசி காலத்துல ஒண்ணைப் பிரிச்சு மத்த மூணையும் ஓட்டலாம். அதுவும் பிளான்தான், எக்செல்ல எழுதுங்க, வெக்கப்பட வேண்டாம்.

இன்னொண்ணு. 99ல டஃப் ஸ்கீம்னு மில்லு மெசினு வாங்கற கடனுக்கு மத்திய அரசு திட்டம் வந்துச்சுங்க, வட்டியில 5 சதவீதம் மானியம்னு சொன்னதும் எல்லாரும் ஒரே மூச்சுல வாங்குனாங்க. உங்க பத்து ஃப்ரேமும் அந்தக் கணக்குலதான் வந்திருக்கும்னு நெனைக்கறேன். ஒரே வருசம் பொறந்தா ஒரே வருசம் முடி நரைக்கும். இப்ப மாத்தறப்பவும் மொத்தமா ஒரே வருசத்துல மாத்தி 25 வருசம் கழிச்சு வர்றவனுக்கு இதே தலைவலியக் குடுக்காதீங்க. ரெண்டு ரெண்டா மாத்துங்க. அதுக்குன்னு ரெண்டு ரெண்டுக்கும் வேற வேற மேக் வாங்கி ஸ்டோர்ஸ்ல ஏழு விதமான ஸ்பேர் அடுக்கீறாதீங்க, அதுவும் நடந்திருக்குது.

மாத்தறதுக்கு முன்னாடி, அந்தப் பழைய ஃப்ரேம்ல வார்வ் (ஸ்பிண்டில்ல டேப்பு சுத்தற கப்பி) விட்டம் என்னன்னு அளந்து பாருங்க. பெரிய வார்வா இருந்தா 18.5 மில்லிமீட்டர் வார்வ் இருக்கற ஸ்பிண்டில் போட்டாலே கரண்டு கொறையும், டின் ரோலர் வேகத்தையும் கொறைச்சுக்கலாம், அதே ஃப்ரேமு இன்னும் கொஞ்ச வருசம் சம்பாரிச்சுக் குடுக்கும். ஒரு ஃப்ரேம்ல மட்டும் போட்டு மூணு மாசம் யூ.கே.ஜி (ஒரு கிலோ நூலுக்கு எத்தன யூனிட் கரண்டு) எழுதிப் பாத்துட்டு அப்பறம் மத்ததுக்குப் போங்க.

கடைசியா, புது மெசினு எது வந்தாலும் கடைசி பேமெண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி சர்க்யூட் டயகிராம், பி.எல்.சி (மெசினை ஓட்டற கம்ப்யூட்டரு) புரோகிராம் பேக்கப், பாஸ்வேர்டு, பேரிங்கி நம்பர் லிஸ்ட் நாலும் கைக்கு வந்தாகோணும். பணம் போனதுக்கப்பறம் கேட்டா "சார் அனுப்பறோம் சார்"தான். எங்க மில்லுல ஒரு மெசின்ல பி.எல்.சி பேட்டரி செத்து புரோகிராமே காணாமப் போயி, பதினோரு நாள் நின்னுச்சு. பேட்டரி வெலை முந்நூறு ரூவாயோ என்னமோ.

கணக்கு_சரியில்ல

நான் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் ஆளு, மெஷின் பக்கம் போனா கிரீஸ் ஒட்டும்னு தள்ளி நிக்கிற சாதி. ஆனா இந்தக் கேள்வியில பாதி எங்க ஏரியா.

கம்ப்ரசருக்கு 4.2 லட்சமா 13 லட்சமான்னு நீங்க யோசிக்கிறீங்க. ரெண்டுமே சின்னக் காசு. 55 கிலோவாட் மெஷின், லோடு (காத்து அழுத்துற நேரம்), அன்லோடு (சும்மா சுத்துற நேரம்) எல்லாம் கழிச்சு சராசரியா மணிக்கு 52 யூனிட் இழுக்குதுன்னு வைங்க, வருஷத்துக்கு 8000 மணி நேரம் ஓட்டம், யூனிட் 8 ரூபான்னு வச்சிக்குவோம், உங்க பில்லைப் பாத்து சரி பண்ணிக்கோங்க. 4 லட்சத்து 16 ஆயிரம் யூனிட், 33 லட்சத்து சொச்சம். ஒரு வருஷத்துக்கு! பத்து வருஷத்துக்கு 3 கோடியே 33 லட்சம். அதுக்குப் பக்கத்துல 13 லட்சத்தை வச்சுப் பாருங்க, 4 சதவீதம். விலையில 50 ஆயிரம் குறைக்க ரெண்டு மாசம் பேரம் பேசுறோம், கரண்ட் எவ்வளவு குடிக்கும்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். என்ன பழக்கமோ.

அதனால ஒவ்வொரு மெஷினுக்கும் வயசுக்குப் பதிலா ஒரே ஒரு கேள்வி: இதை இன்னும் ஒரு வருஷம் வச்சிருந்தா எனக்கு என்ன செலவு? கரண்ட், ஸ்பேர், நின்னதால போன நூல், இன்னிக்கு வித்தா கிடைக்கிற காசு இந்த ஒரு வருஷத்துல எவ்வளவு குறையும், எல்லாம் சேத்து. புதுசுக்கு வாங்குற விலை, வட்டி, கரண்ட், சர்வீஸ் எல்லாத்தையும் சேத்து வருஷத்துக்கு எவ்வளவுன்னு ஒரு கணக்கு. பழசோட ஒரு வருஷச் செலவு புதுசோட வருஷச் செலவைத் தாண்டுற வருஷம்தான் மாத்துற வருஷம். அது 8 வருஷத்துலயும் வரலாம் 30 வருஷத்துலயும் வரலாம். பழைய மெஷின் மேல இதுவரைக்கும் போட்ட காசை இதுல கொண்டு வராதீங்க. "போன வருஷம்தானே 3 லட்சம் செலவு பண்ணோம், இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுவோம்"னு முதலாளி சொல்லுவாரு, அந்த 3 லட்சம் போனது போனதுதான், ஓட்டினாலும் வராது வித்தாலும் வராது.

அப்புறம் பையன் ஆடிட்டர்கிட்ட கேட்டு "மெஷின் லைஃப் 15 வருஷம்"னு ஒரு நம்பரோட வருவாரு, தயாரா இருங்க. அது 2013 கம்பெனிச் சட்டத்தோட ஷெட்யூல் 2ல பொதுவான பிளான்ட் அண்ட் மெஷினரிக்குப் போட்டிருக்கிற காலம். மூணு ஷிப்ட் ஓடினா தேய்மானம் 100 சதவீதம் கூட போடலாம்னும் அதுலயே இருக்கு. இன்கம்டாக்ஸ்காரங்க கணக்கு வேற, அங்க குறையுற மதிப்புல வருஷம் 15 சதவீதம். ரெண்டுமே புத்தகத்துக்கு. உங்க 1999 ஃப்ரேம் புத்தகத்துல செத்து ரொம்ப நாளாச்சு, ஷெட்டுல இன்னும் நூல் நூத்துக்கிட்டு இருக்குல்ல.

அதிர்வுமானி

மணலி பக்கம் கெமிக்கல் பிளான்ட்ல ரொட்டேட்டிங் எக்விப்மென்ட் பாக்குறேன். தாத்தா சொன்னதை அப்படியே வழிமொழியுறேன். கணக்கு அண்ணன் சொன்னதுல ஒரே ஒரு இடத்துல மட்டும் சண்டை.

52 யூனிட், 8000 மணி நேரம்னு மனக்கணக்கு போட்டு புதுசு வாங்க முடிவெடுக்காதீங்க. முதல்ல இப்ப இருக்குற கம்ப்ரசர் நிஜமா எவ்வளவு காத்து தருதுன்னு அளங்க. பத்து பைசா செலவில்ல. ரிசீவரை (காத்து டேங்க்) மில்லு லைன்ல இருந்து வால்வு போட்டுப் பிரிங்க, டிரெய்னைத் திறந்து பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க, மூடிட்டு கம்ப்ரசரை ஸ்டார்ட் பண்ணி போன்ல ஸ்டாப்வாட்ச். பிரஷர் 7 கேஜி வர எத்தனை செகண்ட்? ரிசீவரும் அதுவரைக்கும் இருக்குற பைப்பும் சேத்து 2 கன மீட்டர்னா, 7ஐ 1.03ஆல (வெளிக்காத்தோட பிரஷர்) வகுத்து 2ஆல பெருக்குங்க, 13.6 வரும். அதை ஆன நிமிஷத்தால வகுத்தா நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர்னு வந்துடும். காத்து சூடா இருக்குறதால உண்மையைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதுக்கு ஒரு திருத்தம் உண்டு, ஆனா ரெண்டு கம்ப்ரசரையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட இது போதும். உங்க சைஸுக்கு புதுசுல 9 கன மீட்டர் பக்கம் தரும்.

அடுத்தது லீக். மில்லு மொத்தமா நிக்கிற நாள்ல, ஆயுத பூஜையோ பொங்கலோ, காத்து யாருமே யூஸ் பண்ணாதப்ப ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட விட்டு லைனை ஏத்துங்க. எத்தனை செகண்ட் லோடுல ஓடுது, எத்தனை செகண்ட் அன்லோடுல நிக்குதுன்னு அஞ்சாறு தடவை எழுதி சராசரி எடுங்க. லோடு நேரத்தை மொத்த நேரத்தால வகுத்தா அவ்வளவு சதவீதம் சும்மா ஓட்டை வழியா போகுதுன்னு அர்த்தம். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு இருந்தா 7 கேஜில மூணு மூணரை கிலோவாட் போச்சு, கணக்கு அண்ணன் ரேட்டுல வருஷத்துக்கு 2 லட்சம். இதைச் சரி பண்ணாம புதுசு வாங்கினீங்கன்னா ஓட்டைக்கும் சேத்து பெரிய கம்ப்ரசரா வாங்கிருவீங்க, அந்தத் தப்பு 15 வருஷம் கூடவே வரும். பிரஷர் செட்டிங்கையும் பாருங்க, தேவையில்லாம 1 பார் கூட வச்சிருந்தா 6, 7 சதவீதம் கரண்ட் தண்டம்.

வயசு வரிசை பத்தி ஒண்ணு சொல்லணும். 1978லயே யுனைடெட் ஏர்லைன்ஸ் எஞ்சினியர்கள் நவ்லன், ஹீப்னு ரெண்டு பேர் விமான பாகங்கள் எப்படிப் பழுதாகுதுன்னு பாத்து எழுதினாங்க. வயசாக ஆகப் பழுது கூடுதுன்னு சொல்லக்கூடிய பாகம் 11 சதவீதம்தான், மிச்ச 89ல வயசுக்கும் பழுதுக்கும் சம்பந்தமே சரியா வரல. மில்லு விமானம் இல்லதான், தேயுற சாமான் நம்மகிட்ட அதிகம், டிராவலர், பெல்ட், காட்ஸ் எல்லாம் நாள் பாத்து மாத்துறது சரி. ஆனா நல்லா ஓடுற மோட்டாரை "அஞ்சு வருஷமாச்சு"ன்னு பிரிச்சு மாட்டுறது வம்பை விலைக்கு வாங்குறது. எங்க பிளான்ட்ல ஒரு பம்ப், அதிர்வு அழகா இருந்துச்சு, ஷட்டவுன் லிஸ்ட்ல பேர் இருக்குன்னு பிரிச்சாங்க, பேரிங்கை சுத்தியல்ல தட்டி ஏத்தியிருக்காங்க, 19 நாள்ல போயிடுச்சு. இப்ப நான் பிரிக்கிறதுக்கு முன்னாடி அதிர்வு, சூடு, கரண்ட் மூணும் பாக்காம யாரையும் ஸ்பேனரைத் தொட விடுறதில்ல.

ஸ்டோர்ஸும் பிளான்ல வரணும், இதை யாரும் எழுத மாட்டாங்க. மோட்டார் வேகத்தை மாத்துற ஸ்பேர் இன்வெர்ட்டர் வாங்கி அஞ்சு வருஷம் அலமாரில வச்சா உள்ள இருக்குற கெபாசிட்டர் செத்துடும், அவசரத்துக்கு எடுத்து மாட்டி நேரா ஃபுல் வோல்டேஜ் குடுத்தா டமால். வருஷம் ஒருதரம் கரண்ட் குடுத்து வைக்கணும். ஸ்பேர் மோட்டாரை மாசம் ஒருதரம் கையால சுத்தி விடணும், மெக்கர் வச்சு இன்சுலேஷன் பாக்கணும். பேரிங்கை அதிர்ற மெஷின் பக்கத்து ரேக்குல வச்சா பொட்டிக்குள்ள இருக்கும்போதே தடம் விழுந்துடும். மெஷின் 10 வருஷம் பிளான்ல இருக்கும், அதோட ஸ்பேர் மூணாவது வருஷமே செத்துப் போயிருக்கும்.

கணக்கு_சரியில்ல

சண்டையே இல்ல, சரண்டர். அளந்த நம்பர் கிடைச்சா என் மனக்கணக்கைத் தூக்கிப் போட்டுருங்க.

பழைய_இரும்பு

அந்த 2012 ஜெனரேட்டரை என்ன பண்றதுன்னு யாருமே சொல்லலையே. மாசம் பத்து நிமிஷம் லோடே இல்லாம ஓட்டுறது இஞ்சினுக்குக் கெடுதல்ணே, முழுசா சூடாகாம டீசல் சரியா எரியாது, சைலன்சர் வழியா கருப்பா எண்ணெய் வழியும். ஓட்டினா பாதி லோடாவது குடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்க, இல்லன்னா இப்பவே வித்துருங்க. ஓடுற கண்டிஷன்ல இருந்தா ஒரு விலை, ஸ்டார்ட் ஆகலன்னா எங்க கடை விலை, கிலோ கணக்குதான். எல்லாரும் ரெண்டாவதுக்கு அப்புறம்தான் எங்கள கூப்பிடுறாங்க. அப்புறம் விக்கிறப்ப பழைய ஆயிலையும் பேட்டரியையும் கண்டவன்கிட்ட தள்ளாதீங்க, லைசென்ஸ் உள்ளவங்களுக்குத்தான் குடுக்கணும், ரசீது வாங்கி வைங்க, பொல்யூஷன் போர்டு கேட்டா காட்டணும்.

ஷிப்ட்_முடிஞ்சுது

எல்லாருக்கும் பெரிய நன்றி, லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும். ஆயுத பூஜைக்கு மில்லு நின்னுச்சு, அதுக்காகத்தான் காத்திருந்தேன். எல்லா ஃப்ரேமுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, பொரிகடலை குடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு நானும் எங்க மேஸ்திரியும் மட்டும் இருந்தோம். மில்லு நின்னதும்தான் தெரியுது, ஆட்டோகோனர் பக்கம் போனா உஸ்ஸ்ஸ்னு ஒரே சத்தம், பாம்புப் புத்துக்குள்ள நிக்குற மாதிரி. ஓட்டத்துல இது காதுல விழவே விழாது. மேஸ்திரி சோப்புத் தண்ணிய பக்கெட்ல கரைச்சு பிரஷ்ஷால தடவிக்கிட்டே வந்தாரு, முட்டை முட்டையா நுரை. பெரும்பாலும் குயிக் கப்ளிங், அறுந்த நூலைக் காத்தால ஒட்டுற ஸ்ப்ளைசருக்குப் போற ஓஸ் ஜாயின்ட், அப்புறம் ஒரு ஆட்டோ டிரெய்ன் வால்வு திறந்தபடியே மாட்டிக்கிட்டு நின்னுருக்கு, எத்தன மாசமோ தெரியல.

லோடு 70 செகண்ட், அன்லோடு 110. 39 சதவீதம்! ரெண்டு தடவை கணக்கு போட்டேன், தப்பு என் பக்கமா இருக்கும்னு. அன்னிக்கும் அடுத்த ஞாயித்துக்கிழமையும் சேத்து 41 இடத்துல அடைச்சோம், மொத்த சாமான் செலவு 9 ஆயிரம் சொச்சம். பழையபடி பாத்தா லோடு 35, அன்லோடு 150, 19 சதவீதத்துக்கு வந்துருக்கு. இன்னும் இருக்கு, அது மேல பீம் ஓரத்துல போற பைப்பு, ஏணி போட்டுத்தான் பாக்கணும்.

ரிசீவர் டெஸ்ட்ல ஒண்ணாம் நம்பர் 97 செகண்ட், அதாவது 8.4. ரெண்டாம் நம்பர் 118, வெறும் 6.9. வயசு ஒண்ணு, மாடல் ஒண்ணு, ஓடின மணி நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு! ஏன்னு பாத்தா ரெண்டாவது கார்டிங் ஷெட்டு சுவரை ஒட்டி இருக்கு, சக்‌ஷன் ஃபில்டர் எப்பவும் பஞ்சு அப்பிக்கிட்டு கிடக்கும், பழைய ஃபிட்டர் டைரில "2ம் நம்பர் ஓவர் ஹீட் டிரிப்"னு கோடை மாசமெல்லாம் எழுதி வச்சிருக்காரு. தாத்தா, அந்த டைரி நிஜமாவே இருந்துச்சு, டீ மட்டும் இல்ல, ரெண்டு வடையும் கேட்டாரு. ஃபில்டரைச் சுத்தம் பண்ணிட்டு மறுபடி பாத்தேன், 112 செகண்ட், பெரிசா ஏறல, அப்ப ஏர் எண்ட்தான் தேஞ்சிருக்கு.

அதனால பிளான் மாறிப் போச்சு. ஒண்ணாம் நம்பரைத் தொடல, ஆறு மாசத்துக்கு ஒருதரம் இதே டெஸ்ட், 105 செகண்ட் தாண்டினா அப்ப யோசிக்கிறது. ரெண்டாவதுக்குப் பதிலா ஒரு வி.எஃப்.டி மெஷின் (தேவைக்குத் தக்கபடி வேகம் மாறுறது), ஆனா 55 தேவையான்னே இப்ப சந்தேகம் வந்துடுச்சு. மிச்ச லீக்கையும் அடைச்சுட்டு ஒரு மாசம் மீட்டர் பாத்துட்டு 37ஆ 45ஆன்னு முடிவு பண்ணலாம்னு இருக்கேன். எது வந்தாலும் சுவத்துக்கு அந்தப் பக்கம், வடக்குப் பாத்து, பஞ்சு வராத இடத்துலதான். சிவில் வேலைக்கு ஒண்ணேகால் லட்சம் ஆகும்னு சொன்னேன், சின்ன முதலாளி முகம் கொஞ்சம் சுருங்குச்சு, அப்புறம் கணக்கு அண்ணனோட 33 லட்சத்தைக் காட்டினேன், கையெழுத்து போட்டாரு.

ஆட்டோகோனருக்கு லெட்டர் போட்டாச்சு, பதில் வரல. ஜெனரேட்டர் லோடு குடுத்து ஓட்டிப் பாத்தோம், எடுத்துச்சு, கருப்பு எண்ணெய் அப்படியே நீங்க சொன்ன மாதிரி வழிஞ்சுது. விக்கிறதா வச்சிக்கிறதான்னு பெரியவருக்கும் பையனுக்கும் சண்டை நடக்குது, 2012 இன்னும் பெரியவர் மனசை விட்டுப் போகல. நான் அந்தக் கட்டத்தை மட்டும் எக்செல்ல காலியா விட்டுட்டேன்.

ரிங் ஃப்ரேம் வார்வ் அளந்தேன் தாத்தா, 22 மில்லிமீட்டர் இருக்கு. 18.5 போடணும்னா போல்ஸ்டரோட (ஸ்பிண்டில் நிக்குற அடிப்பாகம்) சேத்து முழு ஸ்பிண்டிலையும் மாத்தணுமா, இல்ல மேல் பாகம் மட்டும் மாத்தினா போதுமா?

ரிங்ஃப்ரேம்_தாத்தா

முழுசா மாத்தோணும் தம்பி, டேப்பும் சேத்துங்க. பத்து ஸ்பிண்டில் சாம்பிள் கேளுங்க, சும்மாவே குடுப்பாங்க. அதை வரிசையா ஒரே எடத்துல மாட்டாதீங்க, கியர் எண்டுல மூணு, நடுவுல நாலு, கடைசில மூணுன்னு மாட்டி, அந்த பத்துலயும் நூல் அறுவு எவ்வளவுன்னு பதினஞ்சு நாளைக்கு எழுதிட்டு வாங்க, அப்பறம் ஃப்ரேம் கணக்கைப் பேசலாம். ஃபிட்டர்க்கு வடை என் கணக்குல வாங்கிக் குடுங்க.